முத்து விளைந்த கடலுக்குப் போவோமா?

மதுரையில் நடந்த வழக்குகளிலேயே மிகவும் புகழ் பெற்றது எது, சொல்லுங்கள் பார்க்கலாம்.

கண்டுபிடித்துவிட்டீர்களா? ஆமாம், சிலப்பதிகாரத்தில் வரும் கண்ணகியின் வழக்குதான்! அரசியின் சிலம்பைத் திருடியதாகச் சொல்லி, கோவலனைக் கொன்றுவிட்டார்கள். ஒற்றைச் சிலம்பைக் கையில் பிடித்தபடி, பாண்டிய மன்னனின் அவைக்கு வந்து நியாயம் கேட்டாள் கண்ணகி. தன் சிலம்பின் உள்ளே இருப்பது மாணிக்கம் என்றாள். அரசியின் சிலம்பில் இருப்பது முத்து என்றான் மன்னன். கோவலனிடம் இருந்து பறித்த சிலம்பைக் கொண்டு வரச் சொன்னார்கள். கண்ணகி அதை உடைத்தாள். தெறித்து விழுந்ததோ மாணிக்கம்! வழக்கு முடிந்தது.

இந்தக் கதை உங்களுக்கு முன்பே தெரிந்திருக்கும். ஆனால், ஒரு விஷயத்தை யோசித்தீர்களா? மதுரையில் கடல் கிடையாது. சுற்றிலும் வயல், கண்மாய், பனைமரம், கரிசல் காடு. பஸ்ஸில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் போனால்தான் கடலையே பார்க்க முடியும். அப்படியிருக்க, பாண்டிய அரசியின் சிலம்புக்குள் முத்து எப்படி வந்தது?

அதைத் தெரிந்துகொள்ள, மதுரையில் இருந்து ஒரு பயணம் கிளம்புவோம். முதலில் ஊருக்குள் ஒரு சுற்று. பிறகு கடற்கரை. நடுவில் ஜப்பானுக்கும் ஒரு தாவு. தயாரா?

மதுரைக்குள் கடல்!

கிளம்பும் முன், மதுரைக்குள்ளேயே கடல் எங்கெல்லாம் ஒளிந்திருக்கிறது என்று பார்த்துவிடுவோம்.

முதல் இடம், திருமலை நாயக்கர் மகால். 1636ம் ஆண்டு கட்டப்பட்டது. அதன் பிரமாண்டமான தூண்களையும் வளைவுகளையும் தொட்டுப் பார்த்திருக்கிறீர்களா? வழவழவென்று இருக்கும். செங்கல்லின் மேல் பூசிய சுண்ணாம்புச் சாந்துதான் அந்த வழவழப்புக்குக் காரணம். கிளிஞ்சல்களைச் சூளையில் சுட்டு எடுத்த சுண்ணாம்போடு, முட்டையின் வெள்ளைக்கருவைக் கலந்து பூசினார்கள் என்று சொல்வார்கள். அதாவது, கடலில் வாழ்ந்த உயிர்களின் ஓடுதான், மகாலின் மேல் பளபளப்பாக ஒட்டிக்கொண்டிருக்கிறது!

இரண்டாவது இடம், மதுரைக்குப் பக்கத்தில் இருக்கும் கீழடி. வைகைக் கரையில் வாழ்ந்த பழங்கால மக்களின் பொருள்கள் அங்கே அகழாய்வில் கிடைத்தன. அவற்றில் சங்கு வளையல்களும் உண்டு. 2023ம் ஆண்டு திறக்கப்பட்ட அருங்காட்சியகத்துக்குப் போனால், அந்தக் காலப் பொருள்களைப் பார்க்கலாம். சங்கு, வயலில் விளையாதே! கடலோரத்தில் இருந்துதான் வந்திருக்க வேண்டும்.

மூன்றாவது இடம், தெற்கு ஆவணி மூல வீதி. வரிசையாக நகைக்கடைகள். கண்ணாடிக்குப் பின்னால் முத்து மாலைகள் தொங்குவதைப் பார்க்கலாம். ஒரு காலத்தில் இந்த ஊருக்கு முத்து வந்த பாதையில்தான் நாம் இப்போது போகப்போகிறோம்.

கரிசல் வழியே கடலுக்கு!

மாட்டுத்தாவணியில் தூத்துக்குடி பஸ் ஏறுங்கள். ஜன்னலோர இருக்கை கிடைத்தால் அதிர்ஷ்டம்! தூரம் சுமார் 140 கிலோமீட்டர்.

அருப்புக்கோட்டையைத் தாண்டியதும் மண்ணின் நிறம் மாறும். கறுப்பு மண். பருத்தியும் கம்பும் சோளமும் விளையும் கரிசல் பூமி. அடுத்து எட்டயபுரம். 1882ம் ஆண்டு மகாகவி பாரதியார் பிறந்த ஊர். அங்கிருந்து இன்னும் கொஞ்ச தூரம். காற்றில் உப்பு வாசனை வரும். இரண்டு பக்கமும் வெள்ளை வெளேர் என்று உப்பளங்கள் தெரியும். தூத்துக்குடி வந்துவிட்டது!

இந்த ஊருக்கு 'முத்துநகர்' என்று இன்னொரு பெயர் உண்டு. சென்னையில் இருந்து மதுரை வழியாக இங்கே வரும் ரயிலின் பெயர்கூட முத்துநகர் எக்ஸ்பிரஸ்தான்.

ஆனால், பாண்டியர் காலத்து முத்துத் துறைமுகம் தூத்துக்குடி அல்ல. அதற்குத் தெற்கே உள்ள கொற்கை. தாமிரபரணி ஆறு கடலில் கலக்கும் இடத்தில் இருந்த பெரிய ஊர். இப்போது போனால் கடலைக் காணோம்! சில கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. ஆறு கொண்டுவந்த மண் நூற்றாண்டுக் கணக்கில் படிந்து படிந்து, கடலைத் தள்ளிவிட்டது. துறைமுகமாக இருந்த ஊர், இன்று வாழையும் நெல்லும் சூழ்ந்த அமைதியான கிராமம்.

சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன், கிரேக்க மாலுமி ஒருவர் எழுதி வைத்த பயணக் குறிப்பில் கொற்கையின் பெயர் இருக்கிறது. பாண்டிய மன்னனுக்குச் சொந்தமான இடம் என்றும், அங்கே முத்துக்குளிக்கும் வேலையைத் தண்டனை பெற்ற கைதிகள் செய்தார்கள் என்றும் அவர் எழுதியிருக்கிறார். கைதிகளுக்குக் கொடுத்த வேலை என்றால், அது எவ்வளவு ஆபத்தானதாக இருந்திருக்க வேண்டும்!

ஒரே மூச்சில் கடலுக்கு அடியில்!

அப்படி என்ன ஆபத்து? சொல்கிறேன், கேளுங்கள்.

தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடைப்பட்ட கடலுக்கு மன்னார் வளைகுடா என்று பெயர். கரையில் இருந்து பல கிலோமீட்டர் தள்ளி, கடலுக்கு அடியில் அங்கங்கே பாறைத் திட்டுகள் இருக்கின்றன. மீனவர்கள் அவற்றைப் 'பார்' என்பார்கள். முத்துச்சிப்பிகள் கூட்டம் கூட்டமாக அந்தப் பார்களில்தான் ஒட்டிக்கொண்டு வாழும்.

முத்துக்குளிக்கும் திருவிழாவுக்குச் 'சலாபம்' என்று பெயர். காற்று அடங்கி, கடல் அமைதியாக இருக்கும் மார்ச், ஏப்ரல், மே மாதங்களில் நடக்கும். விடியும் முன்பே நூற்றுக்கணக்கான தோணிகள் கிளம்பும். பாரை அடைந்ததும், குளிப்பவர் ஒரு கனமான கல்லைக் கட்டிய கயிற்றில் கால் வைப்பார். இடுப்பில் வலைப்பை. மூச்சை நன்றாக இழுத்து, ஒரு கையால் மூக்கைப் பிடித்துக்கொள்வார். கல் அவரைச் சர்ரென்று கீழே இழுத்துப் போகும்.

எவ்வளவு ஆழம் தெரியுமா? மீனாட்சியம்மன் கோயில் தெற்குக் கோபுரத்தின் உயரம் சுமார் 170 அடி. அதில் மூன்றில் ஒரு பங்கு ஆழம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சிலிண்டர் கிடையாது. கண்ணாடி கிடையாது. ஒரு நிமிடம் போல மூச்சை அடக்கிக்கொண்டு, பாறையில் இருந்து சிப்பிகளைப் பறித்துப் பையில் போட வேண்டும். சுறாவும் வரலாம். மூச்சு முட்டியதும் கயிற்றை அசைப்பார். தோணியில் இருப்பவர் உடனே மேலே இழுத்துவிட வேண்டும். கொஞ்சம் தாமதித்தாலும் உயிர் போய்விடும்.

அதனால்தான், கயிறு பிடிக்க மனைவியின் சகோதரனைத்தான் வைத்துக்கொள்வார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. தன் அக்காவோ தங்கையோ கஷ்டப்படக் கூடாது என்று, மச்சான் கண்ணும் கருத்துமாகக் கயிற்றைப் பிடிப்பான் அல்லவா!

இப்படி உயிரைப் பணயம் வைத்தவர்கள், இந்தக் கடற்கரையின் பரதவ மக்கள். ஆனால், சிப்பிகளில் பெரும் பங்கு ஆட்சியாளருக்கே போனது. மதுரை நாயக்க மன்னருக்கும் இதில் உரிமை இருந்தது. அந்த உரிமையை எப்படி அளந்தார்கள் தெரியுமா? 'இத்தனை கல்' என்று! குளிப்பவர் காலுக்கு அடியில் இருந்ததே, அதே கல்தான் கணக்கு.

13ம் நூற்றாண்டின் கடைசியில் இந்தப் பக்கம் வந்த இத்தாலியப் பயணி மார்க்கோ போலோ, சலாபத்தைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். சுறாக்களை மந்திரம் போட்டுக் கட்டுவதற்கென்று தனியாக ஆட்கள் இருந்தார்களாம். அவர்களுக்கும் சிப்பியில் ஒரு பங்கு!

மழைத்துளி முத்தாகுமா?

சுவாதி நட்சத்திரத்தன்று விழும் மழைத்துளியைச் சிப்பி வாயைத் திறந்து பிடித்துக்கொள்ளும், அது முத்தாகிவிடும் என்று பாட்டி கதை சொல்லியிருப்பார். கேட்க அழகான கதை. ஆனால், உண்மை அதைவிட அழகு!

சிப்பிக்குள் இருப்பது மெத்தென்ற ஓர் உயிர். அதற்குக் கை இல்லை, கால் இல்லை. சில சமயம் சின்னஞ்சிறு ஒட்டுண்ணி ஒன்று அதன் உடலுக்குள் புகுந்துவிடும். நம் கண்ணில் தூசி விழுந்தால் தேய்த்து எடுத்துவிடுவோம். பாவம், சிப்பி என்ன செய்யும்? தன் ஓட்டின் உள்பக்கத்தைப் பளபளப்பாக்கும் அதே பொருளை, வந்த எதிரியின் மேல் பூசும். ஒரு பூச்சு, அதன்மேல் இன்னொரு பூச்சு. இப்படி ஆயிரக்கணக்கான மெல்லிய பூச்சுகள் சேர்ந்தால்... முத்து!

அதாவது, முத்து என்பது சிப்பி தன் காயத்துக்குத் தானே போட்டுக்கொண்ட மருந்துக்கட்டு. எல்லாச் சிப்பியிலும் அது இருக்காது. ஆயிரக்கணக்கான சிப்பிகளைத் திறந்தால், நல்ல முத்து ஒரு சிலவற்றில்தான் கிடைக்கும். ஒரு மாலைக்கு எத்தனை சிப்பிகள் உயிரை விட்டிருக்கும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்!

அமைதியான கடல்

கணக்கு ஒரு நாள் தீர்ந்தது. மன்னார் வளைகுடாவில் சிப்பிகள் சில ஆண்டுகள் பெருகும். பிறகு பல ஆண்டுகள் காணாமல் போகும். அது பழைய காலத்திலும் நடந்ததுதான். 1955ல் மறுபடி நன்றாகக் கிடைத்தன. 1961 வரை சலாபம் நடந்தது. அதோடு சரி. அதற்குப் பிறகு தூத்துக்குடிக் கடலில் பெரிய சலாபம் நடக்கவே இல்லை!

ஏன்? ஒரே காரணம் என்று சொல்ல முடியாது. அளவுக்கு மீறிப் பறித்தது ஒன்று. பார்களின் மேல் மணல் மூடுவது, சிப்பியைத் தின்னும் மீன்கள் பெருகுவது, கடல் கெடுவது என்று இன்னும் பல.

பக்கத்திலேயே இன்னொரு சோகமும் நடந்தது. சுண்ணாம்புக்காகவும் கட்டடங்களுக்காகவும், இந்தக் கடலின் பவளப்பாறைகளைப் பல ஆண்டுகள் வெட்டி எடுத்தார்கள். பவளப்பாறைதான் தீவுகளுக்கு மதில். மதில் போனால் அலை சும்மா இருக்குமா? மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் தண்ணீருக்குள் மூழ்கியே போய்விட்டன.

இந்தத் தீவுகளும் சுற்றியுள்ள கடலும் 1986ல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. முதுமலையில் யானைக்கும் புலிக்கும் பாதுகாப்பு இருப்பது போல, இங்கே பவளத்துக்கும் கடற்பசுவுக்கும் சிப்பிக்கும் பாதுகாப்பு!

ஜப்பானுக்கு ஒரு தாவு!

இதே சிக்கல் ஜப்பானிலும் வந்தது. அங்கே டோபா என்று ஒரு கடற்கரை ஊர். நீலக் கடல், அதில் பச்சைப் பச்சையாகக் குட்டித் தீவுகள், பின்னால் மலை. ஓவியம் போல இருக்கும். அந்த ஊரில், 1858ம் ஆண்டு நூடுல்ஸ் கடைக்காரர் ஒருவருக்கு மகனாகப் பிறந்தவர் கோகிச்சி மிகிமோட்டோ.

ஆசைப்பட்டு எல்லோரும் பறித்ததில், அந்தக் கடலிலும் முத்துச்சிப்பிகள் குறைந்துகொண்டே வந்தன. 'பறிப்பதற்குப் பதிலாக, நாமே வளர்த்தால் என்ன?' என்று யோசித்தார் மிகிமோட்டோ. சிப்பிக்குள் சிறு துண்டு ஒன்றை வைத்து, கூடையில் போட்டுக் கடலில் தொங்கவிட்டார். திரும்பத் திரும்பத் தோல்வி. 1892ல் 'சிவப்பு அலை' வந்தது. அதாவது, கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் கடலில் கட்டுக்கடங்காமல் பெருகி, தண்ணீரின் நிறமே மாறிவிடுவது. ஆயிரக்கணக்கான சிப்பிகள் செத்துப்போயின. கடனும் ஏறியது.

வேறோர் இடத்தில் தொங்கவிட்டிருந்த சிப்பிகள் மட்டும் தப்பின. 1893 ஜூலையில், அவற்றில் ஒன்றைத் திறந்தபோது பளிச்சென்று மின்னியது, பாதி உருண்டையாக ஒரு முத்து! முழு உருண்டை முத்தை உருவாக்கும் முறையைப் பிறகு வேறு சில ஜப்பானியர்களும் கண்டுபிடித்தார்கள். இப்போது உலகக் கடைகளில் விற்கும் முத்துகளில் பெரும்பாலானவை வளர்ப்பு முத்துகள்தான்.

டோபாவுக்குப் போகிறவர்கள் முத்தை மட்டும் பார்ப்பதில்லை. அந்தப் பக்கத்து விரிகுடாக்களில், சாப்பிடும் சிப்பிகளையும் வளர்க்கிறார்கள். குளிர்காலம் வந்தால் கடற்கரையில் சிப்பிக் குடிசைகள் களைகட்டும். குடும்பம் குடும்பமாக வந்து, அடுப்புத் தட்டைச் சுற்றி உட்காருவார்கள். கையுறை போட்டுக்கொண்டு, ஓட்டோடு சிப்பிகளைச் சுடுவார்கள். 'பட்' என்று ஓடு வாய் திறக்கும். சூடாக ஒரு வாய். வெற்று ஓடு வாளியில்!

ஒரு விஷயம்: அந்தச் சிப்பியில் முத்து இருக்குமா என்று தேடாதீர்கள். முத்துச்சிப்பி வேறு, உணவுச் சிப்பி வேறு. இரண்டும் தூரத்துச் சொந்தம்தான். ஆனால், டோபாவின் முத்துச்சிப்பியும் தூத்துக்குடியின் முத்துச்சிப்பியும் மிக நெருங்கிய சொந்தக்காரர்கள்!

வேப்பலோடையில் பிறந்த முத்து!

சொந்தக்காரச் சிப்பி ஜப்பானில் முத்து தருமானால், நம்முடையது தராதா?

தூத்துக்குடிக்கு வடக்கே வேப்பலோடை என்று ஒரு கடலோர ஊர். 1972ல், மத்திய கடல்வாழ் மீன் ஆராய்ச்சி நிலையம் அங்கே முயற்சியைத் தொடங்கியது. தலைமை ஏற்றவர் விஞ்ஞானி அழகர்சுவாமி. (மதுரைப் பிள்ளைகளுக்கு மறக்கவே முடியாத பெயர்!) சிப்பியின் உடலில் மிக நுணுக்கமாக ஒரு கீறல். அதற்குள் ஓட்டில் இருந்து செய்த சின்ன உருண்டை. கூடவே, வேறொரு சிப்பியின் தோலில் இருந்து ஒரு துளித் துண்டு. பிறகு கடலில் தொங்கவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

1973 ஜூலையில், இந்தியாவின் முதல் உருண்டையான வளர்ப்பு முத்து பிறந்தது! 1981ல் இன்னொரு வெற்றி. முத்துச்சிப்பியின் குஞ்சுகளையே தூத்துக்குடி ஆய்வகத்தில் பொரிக்க வைத்தார்கள். அப்படி வளர்த்த குஞ்சுகளைப் பழைய பார்களிலும் விட்டுப் பார்த்தார்கள். எடுப்பதற்கே போன கடலுக்கு, கொடுப்பதற்கும் ஆள் வந்தது!

சாப்பிடும் சிப்பியையும் அவர்கள் விட்டுவைக்கவில்லை. 1970களிலேயே தூத்துக்குடியில் அதை வளர்த்துப் பழகினார்கள். அந்த முறை இன்று கேரளத்தின் கொல்லம் பக்கம், அஷ்டமுடிக் காயலில் பயன்படுகிறது. மதுரையில் இருந்து செங்கோட்டை வழியாக மலையைக் குடைந்து போகும் ரயிலில் போனால் கொல்லம்தான். தென்னை மரங்கள் சூழ்ந்த காயலில், கம்பு நட்டுப் பந்தல் போட்டிருப்பார்கள். பழைய ஓடுகளைக் கயிற்றில் மாலையாகக் கோத்து, அதில் தொங்கவிடுவார்கள். தண்ணீரில் மிதந்து வரும் சிப்பிக் குஞ்சுகள், 'அட, நல்ல வீடு' என்று அதில் ஒட்டிக்கொள்ளும். சுயஉதவிக் குழுப் பெண்கள் பலர் இந்த வேலை செய்து சம்பாதிக்கிறார்கள்.

இந்தச் சிப்பிகளுக்குத் தீனி போட வேண்டுமா? வேண்டியதே இல்லை. ஏன் என்று அடுத்துப் பார்ப்போம்.

சம்பளம் வாங்காத துப்புரவுப் பணியாளர்

சிப்பி இருந்த இடத்திலேயே இருந்து, கடல் நீரை உள்ளே இழுக்கும். செவுளால் வடிகட்டும். அதில் இருக்கும் நுண்ணிய பாசியையும் துகள்களையும் தின்றுவிட்டு, தெளிந்த நீரை வெளியே விடும். ஒரு பெரிய சிப்பி, ஒரே மணி நேரத்தில் பல லிட்டர் நீரை வடிகட்டிவிடும். லட்சக்கணக்கான சிப்பிகள் இருந்தால்? கடலுக்கே ஒரு சுத்திகரிப்பு நிலையம்!

ஆனால், வடிகட்டி என்றால் அழுக்கும் அதில்தானே தங்கும்? சாக்கடை கலந்த நீரில் வாழும் சிப்பிக்குள், நோய்க்கிருமியும் விஷமும் சேர்ந்துவிடும். அதனால், கடற்கரையில் கிடைக்கிற சிப்பியை எடுத்து நீங்களாகச் சுட்டுச் சாப்பிடவே கூடாது. சுத்தமான நீரில் வளர்த்தது என்று பெரியவர்களுக்கு நன்றாகத் தெரிந்தால் மட்டுமே, அதுவும் நன்றாக வேக வைத்து.

சிப்பி நன்றாக இருந்தால் கடல் நன்றாக இருக்கிறது என்று பொருள். சிப்பி செத்தால்? கரையில் யாரோ தப்புச் செய்கிறார்கள் என்று பொருள்!

காடு நட்ட சிப்பிக்காரர்

இதைப் புரிந்துகொண்ட ஒருவர் ஜப்பானில் இருந்தார். பெயர் ஷிகேயாட்சு ஹதகேயாமா. கெசென்னுமா என்ற ஊரில் சிப்பி வளர்த்தவர். அவருடைய கடலிலும் சிவப்பு அலை வந்தது. வெள்ளையாக இருக்க வேண்டிய சிப்பிச் சதை சிவந்து போனது. யாரும் வாங்கவில்லை.

காரணம் கடலில் இல்லை. கடலுக்கு வரும் ஆற்றில் இருக்கிறது என்று அவர் உணர்ந்தார். ஆற்றின் கரைகளில் இருந்து அழுக்கு வருகிறது. மேலே மலையில் நல்ல காடும் குறைந்துவிட்டது. காட்டு மண்ணின் சத்துதான் ஆற்றோடு வந்து, கடலில் சிப்பியின் தீனியை வளர்க்கும். என்ன செய்தார் தெரியுமா? 1989ல், மீனவர்களைத் திரட்டிக்கொண்டு மலைக்குப் போய் மரம் நட்டார்! வலை பிடிக்கும் கைகளில் மரக்கன்று!

அதோடு நிற்கவில்லை. ஆற்றின் மேல்பகுதியில், கடலைவிட்டுத் தள்ளி வாழும் பள்ளிப் பிள்ளைகளை அழைத்து வந்து, தன் சிப்பிகளைக் காட்டினார். 'உங்கள் ஊர் ஆறு வந்து சேரும் இடம் இதுதான்' என்று புரிய வைத்தார். 2011 மார்ச்சில் வந்த சுனாமி, அவருடைய மிதவைகளை எல்லாம் அடித்துப் போனது. அப்போதும் விடாமல் மறுபடி தொடங்கினார். அடுத்த ஆண்டு, ஐ.நா. அவரைக் 'காடுகளின் நாயகர்'களில் ஒருவராகக் கவுரவித்தது. 2025ல் அவர் மறைந்தார். நட்ட மரங்கள் நிற்கின்றன.

அந்தச் சுனாமியின்போது ஓர் உதவியும் வந்தது. 1970களின் தொடக்கத்தில், பிரான்ஸ் நாட்டுச் சிப்பிகள் நோயில் அழிந்தபோது, கெசென்னுமா இருக்கும் மியாகி பகுதியில் இருந்து குஞ்சுகள் கப்பல் ஏறின. அங்கே சிப்பித் தொழில் பிழைத்தது. 2011ல் மியாகி சிப்பிக்காரர்கள் எல்லாவற்றையும் இழந்து நின்றபோது, பிரான்ஸ் சிப்பிக்காரர்கள் கயிறும் கருவிகளும் அனுப்பி வைத்தார்கள். செய்நன்றி மறக்கவில்லை!

வைகை எங்கே போகிறது?

'நாங்கள் மதுரையில் இருக்கிறோம். எங்களுக்கும் சிப்பிக்கும் என்ன சம்பந்தம்?' என்று இப்போது கேட்க மாட்டீர்கள்தானே!

வருசநாட்டு மலையில் பிறக்கும் வைகை, மதுரை நடுவே ஓடி, ராமநாதபுரம் பெரிய கண்மாயை நிரப்புகிறது. வெள்ளம் வரும் ஆண்டுகளில், மிச்சத் தண்ணீர் ஆற்றங்கரை என்ற ஊருக்குப் பக்கத்தில் பாக் கடலில் கலக்கிறது. பாம்பன் பாலத்துக்கு ஒரு பக்கம் பாக் கடல், மறுபக்கம் மன்னார் வளைகுடா. இரண்டு கடலின் தண்ணீரும் பாலத்துக்கு அடியில் கை குலுக்கிக்கொள்கின்றன.

வைகையில் எப்போதும் தண்ணீர் ஓடுவதில்லை. அதனாலேயே ஆபத்து அதிகம். காய்ந்த ஆற்றில் வீசிய பிளாஸ்டிக் பை, அங்கேயே மாதக்கணக்கில் காத்திருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வெள்ளம் வந்ததும், ஒரே நாளில் மொத்தமும் கிளம்பிவிடும்!

2019 செப்டம்பரில், மன்னார் வளைகுடாவின் ஒரு பகுதியில் கடல் நீர் திடீரெனப் பச்சையாக மாறியது. ஜப்பானின் சிவப்பு அலை போலத்தான். நுண்ணுயிர் ஒன்று பெருகிவிட்டதில், மீன்கள் செத்துக் கரை ஒதுங்கின. பவளங்களும் பாதிக்கப்பட்டன. அந்தக் கடல் எவ்வளவு மென்மையானது என்று நமக்கு அது காட்டியது.

பாண்டிய அரசிக்குச் சிலம்பில் முத்து கொடுத்த கடல் அது. மகாலுக்கும் வளையலுக்கும் கடல் கொடுத்துக்கொண்டே இருந்தது. மதுரை திருப்பி அனுப்புவது குப்பையாக மட்டும் இருந்தால் நியாயமா? கண்ணகி நியாயம் கேட்ட ஊர் அல்லவா நம்முடையது!

உங்களால் முடிந்தவை

* ஆற்றிலும் வாய்க்காலிலும் கண்மாயிலும் குப்பை போடாதீர்கள். போடுகிறவர்களிடம், 'இது கடலுக்குப் போகும்' என்று சொல்லுங்கள்.

* ராமேஸ்வரம், தூத்துக்குடி பக்கம் சுற்றுலா போனால், பவளப்பாறைத் துண்டு வாங்காதீர்கள். அதை விற்பதும் வாங்குவதும் சட்டப்படி குற்றம்.

* உயிருள்ள சிப்பி, நத்தை, நட்சத்திர மீனைக் கையில் எடுத்து விளையாடாதீர்கள்.

* பள்ளியில் மரக்கன்று நட்டால், அது நிலத்துக்கு மட்டும் அல்ல, கடலுக்கும்தான் என்று நண்பர்களுக்குச் சொல்லுங்கள்.

செய்து பாருங்கள்!

சிப்பி ஓடும் முட்டை ஓடும் பெரும்பாலும் ஒரே பொருளால் ஆனவை: கால்சியம் கார்பனேட். முத்திலும் அதுதான் அதிகம். காலி முட்டை ஓட்டைக் கழுவி, ஒரு கண்ணாடி டம்ளரில் போட்டு, அது மூழ்கும் அளவுக்கு வினிகர் ஊற்றுங்கள். குமிழ் குமிழாக வருகிறதா? அமிலம் ஓட்டைக் கரைக்கிறது. வெளியே வருவது கார்பன் டை ஆக்சைடு. ஒரு நாள் கழித்துப் பாருங்கள், ஓடு மெலிந்து போயிருக்கும்.

நம் வாகனங்களும் ஆலைகளும் விடும் கார்பன் டை ஆக்சைடில் ஒரு பகுதி கடலில் கரைந்து, கடல் நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக அமிலத்தன்மைப் பக்கம் தள்ளுகிறது. வினிகர் அளவுக்கு இல்லைதான். ஆனால், ஓடு கட்ட முயலும் குட்டிச் சிப்பிக்கு அதுவே பெரிய கஷ்டம்.

என்ன குட்டீஸ், அடுத்த விடுமுறைக்கு எங்கே போகலாம் என்று வீட்டில் கேட்டால், என்ன சொல்வீர்கள்? தூத்துக்குடி, கொற்கை, பாம்பன் என்று சொல்லிப் பாருங்களேன். போகும் வழியில் வைகைப் பாலத்தைத் தாண்டும்போது, ஆற்றை ஒரு முறை எட்டிப் பாருங்கள். நீங்கள் போகிற திசைக்குத்தான் அதுவும் போகிறது!